எட்டுப் போடாமல் லைசென்ஸ் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கண்மாய்க்குள்ளும் வைகை மணலிலும் சிலர் ரிமோட் விமானம் விடுகிறார்களாம், ஆடு மாடு மிரள்கிறதாம், காசைக் கரியாக்கும் இந்தப் பொம்மை விளையாட்டைத் தடை செய்ய வேண்டுமாம். பேரன் பேத்தி எடுத்த பெரியவர்களே பையன்களோடு சேர்ந்து ஆட்டம் போடுகிறார்கள் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். மானாமதுரை வட்டாரத்தில் அப்படி ஆட்டம் போடுகிற பெரியவர், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். ஆகவே பதில் எழுத வேண்டியதும் நானாகிவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். இடம் போதாமல் வெட்டுவதானால் என்னைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள், எட்டைப் பற்றிய பகுதியை வெட்டாதீர்கள்.

முதலில் ஆட்டு விஷயம். அது உண்மை. போன மாசி மாதம் ஒரு காலை, இறக்கும்போது கணக்குத் தப்பி, என் விமானம் மேய்ந்துகொண்டிருந்த மந்தைக்கு நடுவில் போய் இறங்கியது. எந்த ஆட்டுக்கும் அடி இல்லை. ஆனால் இருபது ஆடும் இருபது திசையில் ஓடி, எல்லாவற்றையும் திரட்டிக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆட்டுக்கார அம்மா என்னைப் பார்த்து, "முப்பது வருசம் ரோட்டுல எங்க ஆட்டைப் பத்திவிட்டது பத்தலையாக்கும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் எந்தக் கரையில் மேய்க்கிறார் என்று விசாரித்துவிட்டு எதிர்ப்பக்கமாகத்தான் நாங்கள் நிற்கிறோம். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாயிற்று. உங்கள் வாசகரிடமும் இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் 'பொம்மை' என்று எழுதினாரே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பொம்மை என்று நினைத்து வாங்குவதால்தான் அது நாலு நொடியில் உடைகிறது, ஆட்டு மந்தையிலும் விழுகிறது.

நான் அரசுப் பேருந்து ஓட்டுநராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து 2018இல் ஓய்வுபெற்றவன். பாதிக் காலம் மதுரை – ராமேஸ்வரம் தடம். உச்சிப்புளியில் கடற்படையின் 'பருந்து' விமானத்தளம் இருப்பது அந்தத் தடத்தில் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். ஆளில்லா விமானம் ஒன்று அந்தப் பக்கத்து வானத்தில் ஊர்ந்து போவதை ஸ்டீயரிங்கில் இருந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை யாரோ தரையில் உட்கார்ந்து ஓட்டுகிறார் என்று கண்டக்டர் சொன்னார். "நானும்தான் உட்கார்ந்துக்கிட்டு ஓட்டுறேன், அதுல என்ன பெரிய வித்தை?" என்றேன் நான். அந்த வாய்க்கொழுப்புக்குப் பிற்பாடு நன்றாகவே அனுபவித்தேன்.

2021 தீபாவளிக்கு மகள் வயிற்றுப் பேரன் இணையத்தில் பார்த்து ஒரு விமானம் கேட்டான். 6,500 ரூபாய். வாங்கிக் கொடுத்தேன். மொட்டை மாடியில் நின்று மோட்டாரை முழு வேகத்தில் வைத்து, கையால் எறிந்தான். மேலே ஏற வேண்டும் என்ற ஆசையில் குச்சியைக் கடைசி வரை இழுத்துப் பிடித்தான். மூக்கு வானத்தைப் பார்த்தது, ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதி இரண்டு துண்டானது. மொத்தம் நாலு நொடி இருக்கும். பையன் அழவில்லை. அட்டைப் பெட்டியை எடுத்துப் படித்துப் பார்த்து, "தாத்தா, எட்டு வயசுக்கு மேல யாரு வேணா ஓட்டலாம்னு போட்டிருக்கு" என்றான். எனக்கும் எட்டு வயதுக்கு மேல் ஆகிறதே என்று அந்த இரண்டு துண்டையும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

என்னோடு பதினோரு வருடம் ஓடிய கண்டக்டரின் மகன் விமானப் பொறியியல் படித்தவன். படித்த வேலை அமையாமல் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். என்னைப் பெரியப்பா என்பான். துண்டுகளைப் பார்த்ததும், "ஒட்டிரலாம் பெரியப்பா, இது தெர்மாகோல் சாதி. பெவிகுவிக் மட்டும் போட்டுராதீங்க, அரிச்சிரும்" என்று சொல்லி குளூ கன்னால் ஒட்டி, உள்ளே ஒரு மூங்கில் குச்சியும் வைத்துக் கொடுத்தான். அப்புறம், "பிளேன் ரெடி. நீங்க ரெடியாக மூணு மாசம் ஆகும்" என்றான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. பத்து டன் வண்டியைப் பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது ஓட்டியவனுக்கு முக்கால் கிலோ தெர்மாகோலைச் சமாளிக்க மூன்று மாதமா என்று நினைத்தேன். மூன்று மாதத்துக்கு மேலேயே ஆயிற்று.

முதல் மூன்று வாரம் விமானத்தைத் தொடவே விடவில்லை. ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் செருகித் திரையில் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர்தான். டிரிப் ஷீட் பழக்கத்தில் நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்தேன். முதல் நாள் மாலை 23 தடவை தரையில் குத்தியிருக்கிறேன். மூன்றாவது வாரக் கடைசியில் 2. திரையில் குத்தினால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், புது விமானம் வந்துவிடும். கண்மாயில் அப்படி வராது. 6,500 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான், ஆனால் கடையில் யாரும் சொல்வதில்லை.

ரிமோட்டில் இரண்டு குச்சி. இடது குச்சியைத் தள்ளினால் மோட்டார் வேகம் கூடும். வலது குச்சியை இழுத்தால் மூக்குத் தூக்கும், தள்ளினால் தாழும், பக்கவாட்டில் அசைத்தால் திரும்பும். என் விமானத்தில் அசையும் உறுப்புகள் வாலில் மட்டும்தான், படுத்த மடல் ஒன்று, நிமிர்ந்த சுக்கான் ஒன்று. இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்து, இரண்டு நுனியும் சற்று மேல்நோக்கி இருக்கும். பழகுகிறவர்களுக்கென்றே செய்த அமைப்பு இது. ஓரளவு உயரம் இருந்து நாம் குச்சியை விட்டுவிட்டால், சாய்ந்திருந்தாலும் தானாகவே நிமிரப் பார்க்கும்.

அந்த 'விட்டுவிட்டால்' என்பதுதான் எனக்கு வரவில்லை. ஆபத்து என்றால் ஸ்டீயரிங்கை இறுக்கு, பிரேக்கை மிதி. 31 வருடம் கைகாலில் ஊறிய பாடம் அது. வானத்தில் பிரேக் கிடையாது. வேகம் குறைந்தால் பேருந்து நிற்கும், விமானம் விழும். விமானம் ஆடும்போதெல்லாம் நான் குச்சியை முறுக்கிப் பிடிப்பேன், அது இன்னும் ஆடும். மூன்று நாள் கத்திப் பார்த்துவிட்டு, நாலாவது நாள் அவன் அப்பாவின் பழைய விசிலை எடுத்து வந்தான். "ஒரு விசில் அடிச்சா வலது குச்சியிலேருந்து கையை எடுத்துருங்க. ரெண்டு அடிச்சா பிடிச்சுக்கங்க." ஒரு விசிலுக்கு நிற்பதும் இரண்டு விசிலுக்குக் கிளம்புவதும் எனக்கு யோசிக்காமல் வருகிற விஷயம். வேலை செய்தது! விசில் கேட்டதும் கட்டைவிரல் தானாகத் தூக்கிக்கொண்டது. விமானம் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நேராகப் போனது.

இன்னொரு பழக்கம் எங்களைக் கருவேலங்காட்டுக்கே அனுப்பியது. ஒருநாள் அவன் "ரைட்டு, ரைட்டு!" என்று கத்தினான். வலப்பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறான். என் காதுக்கு 'ரைட்' என்றால் 'போகலாம்'. இடது குச்சியை முழுசாகத் தள்ளிவிட்டேன். விமானம் முழு வேகத்தில் நேராகச் சீமைக் கருவேலத்துக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. எடுத்து வர இரண்டு மணி நேரமும், இரண்டு பேர் சட்டையும் செலவு. அன்றோடு லெப்ட், ரைட் இரண்டையும் ஒழித்துவிட்டு சோத்தாங்கை, பீச்சாங்கை என்று மாற்றிக்கொண்டோம். வெளியூர்க்காரர் யாராவது கரையில் நின்று கேட்டால் ஏதோ சண்டை நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்.

இதெல்லாம் இரண்டு ரிமோட்டை இணைத்து வைத்துக்கொண்டு செய்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அது மாதிரி ஏற்பாடு. சொல்லிக்கொடுப்பவர் ஒரு விசையைப் பிடித்திருக்கும் வரை பழகுகிறவர் ஓட்டலாம், அவர் விட்டுவிட்டால் விமானம் அந்தக் கணமே அவர் கைக்குப் போய்விடும். அந்த விசை இல்லாவிட்டால் நான் வாரத்துக்கு ஒரு விமானம் வாங்கியிருக்க வேண்டும்.

அவன் வராத ஒரு நாள், எல்லாம் தெரியும் என்று நானே தனியாகப் போனேன். வளைவில் ஸ்டீயரிங்கை வளைவு முடியும் வரை பிடித்திருப்போம் இல்லையா, அதேபோலக் குச்சியைப் பக்கவாட்டில் பிடித்தபடி நின்றேன். விமானத்தில் அப்படிப் பிடித்தால் சாய்வு கூடிக்கொண்டே போகும். சாய்வு கூடினால் மூக்குத் தாழும், மூக்குத் தாழ்ந்தால் வேகம் ஏறும். தாழ்கிறதே என்று பயந்து வலது குச்சியை இழுத்தேன். மேலே வரவில்லை, சுற்றுதான் இறுகியது. ஏன் என்று பிறகு அவன் ஒரு போஸ்ட் கார்டைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினான். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் விமானத்துக்கு 'மேலே' என்பது வானம் இல்லை, பக்கவாட்டுதான். முதலில் சாய்வை எடுக்க வேண்டும், அப்புறம்தான் மூக்கைத் தூக்க வேண்டும். வரிசை மாறினால் போச்சு. அன்றைக்கு எனக்கு வரிசை மாறிப்போய், கண்மாய்க் களிமண்ணில் மூக்கு வரை புதைந்து நின்றது விமானம். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது பேருந்தில் ஊருக்குள் போகிற வேகம். அதே 40இல் விமானம் நொடிக்கு 11 மீட்டர் போய்விடுகிறது. யோசிக்க அவகாசம் இல்லை, அதனால் யோசிக்காமல் வருகிற அளவுக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

பேரனின் விமானம் ஏன் விழுந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கொடைக்கானல் மலையில் டாப் கியரில் ஏறப் பார்த்தால் இன்ஜின் முக்கி நின்றுவிடும், அதைத்தான் 'ஸ்டால்' என்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நின்றுபோவது இறக்கையின் வேலை. வருகிற காற்றுக்கு எதிரே இறக்கையை ஏறத்தாழ 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்திவிட்டால் மேல்பரப்பை ஒட்டி ஓடுகிற காற்று பிய்த்துக்கொள்கிறது, தூக்கல் போய்விடுகிறது. மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்கவிட்டால்தான் மறுபடி பறக்கும். விழுகிற பொருளை மேலும் கீழே தள்ளு என்றால் எந்தக் கைதான் கேட்கும்? அதனால்தான் பழகுவதெல்லாம் ஐம்பது மீட்டர் உயரத்தில். தப்பு செய்து திருத்திக்கொள்ள உயரம்தான் நமக்கு இருப்பு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஆளைக் கவிழ்ப்பது விமானம் நம்மை நோக்கி வரும்போதுதான்.

நான் வண்டிக்குள் உட்கார்ந்தே ஓட்டியவன். வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் நானும் கூடவே திரும்புவேன், என் வலதுதான் வண்டிக்கும் வலது. விமானம் என்னைவிட்டு விலகிப் போகிறவரை அப்படித்தான். திரும்பி என்னைப் பார்த்து வர ஆரம்பித்ததும் அதன் வலது என் இடதாகிவிடுகிறது. இதில் புரியாதது ஒன்றும் இல்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் கை கேட்காது. பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் காட்டுகிற பக்கம் அவருடைய பக்கமா என்னுடைய பக்கமா என்று பதினோரு வருடம் எங்களுக்குள் வழக்கு நடந்தது. ஒருமுறை பரமக்குடி நிலையத்தில் கம்பத்தையே உரசியிருக்கிறேன். இப்போது அதே வழக்கு அவர் மகனோடு.

அதற்கு அவன் சொன்ன உபாயத்தை, இந்த விளையாட்டில் இறங்கும் எல்லோருக்காகவும் இங்கே எழுதுகிறேன். வலது இடது என்று நினைக்கவே கூடாது. விமானம் நம்மைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும். சாய்கிற பந்தலுக்கு அந்தப் பக்கமாகப் போய் முட்டுக் கொடுப்பது மாதிரி. நிமிர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இதைக் கேட்ட அன்றைக்கே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதி போக எட்டு தேவைப்பட்டது.

டூவீலர் லைசென்சுக்கு எட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும். நேராக ஓட்டத் தெரிந்தவன், ஒரே பக்கமாக வட்டமடிக்கத் தெரிந்தவன், இரண்டு பேருமே எட்டில் காலை ஊன்றுவார்கள். விமானத்திலும் அதே கதைதான். எல்லோருக்கும் ஏதாவது ஒரு பக்கம் திரும்புவதுதான் சுலபமாக இருக்கும், எனக்குப் பீச்சாங்கைப் பக்கம். இரண்டு மாதம் அந்தப் பக்கமாகவே செக்கு மாடு மாதிரி சுற்றிவிட்டு, பழகிவிட்டேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டேன். ("என்ன மாமா, அஜித்துக்குப் போட்டியா?" என்று கேட்டார்கள். நடிகர் அஜித் குமாருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு என்பது ஊருக்கே தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ட்ரோன் குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தாரே.) கண்டக்டர் மகன் வந்து, "எங்க, ஒரு எட்டுப் போடுங்க" என்றான். அவ்வளவுதான், முதல் எட்டின் பாதியிலேயே விசில்.

எங்கள் கண்மாயில் மிகுதித் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கு ஒரு பக்கம், ஒற்றைப் பனை ஒரு பக்கம். நாங்கள் கரையோரம் நடுவில் நிற்போம், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி. விமானம் பனையிடம் வெளிப்பக்கமாகத் திரும்பி, தூரத்திலிருந்து குறுக்கே நம்மை நோக்கி வந்து, கலுங்கிடம் மறுபடி வெளிப்பக்கமாகத் திரும்பி, மறுபடி குறுக்கே வர வேண்டும். எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி. திருப்பம் இரண்டும் நம்மைவிட்டு விலகுகிற பக்கம், அதனால் தலைக்கு மேல் வந்து பயமுறுத்தாது. குறுக்கோட்டம் இரண்டும் நம்மைப் பார்த்து வருகிறது, அதனால் முட்டுக் கொடுக்கும் பாடத்திலிருந்து தப்பவும் முடியாது. ஒரு பக்கம் வலது, ஒரு பக்கம் இடது. போகும் வழியில் காற்று முதுகில் தள்ளும், வரும் வழியில் முகத்தில் அடிக்கும். காற்று பின்னால் தள்ளும்போது தரையைப் பார்த்தால் விமானம் வெகு வேகமாகப் போகிற மாதிரி தெரியும், அதை நம்பி மோட்டாரைக் குறைத்தால் இறக்கைக்குக் காற்று போதாமல் விழும். இத்தனை பாடமும் அந்த ஒரு எட்டுக்குள் இருக்கிறது.

நோட்டுப்படி என் முதல் முழு எட்டு 2022 பங்குனியில், 47ஆவது பேட்டரி சார்ஜில் வந்தது. ஒரு பேட்டரி ஏழு நிமிடம் ஓடும். கூட்டினால் ஐந்தரை மணி நேரம், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்புகிற நேரம்தான். ஆனால் அது மூன்று மாதத்தில் பரவிக் கிடக்கிற ஐந்தரை மணி நேரம். ஏழு ஏழு நிமிடமாகத்தான் கை கற்றுக்கொள்கிறது, இடையில் தூங்கி எழ வேண்டியிருக்கிறது.

இறக்குவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எட்டு வந்தவருக்கு அதுவும் வந்துவிடும். எதிர்க்காற்றில் இறக்க வேண்டும். எவ்வளவு வேகமாகக் கீழே வருவது என்பதை மோட்டாரால் பார்த்துக்கொள்ள வேண்டும், இடுப்பு உயரத்துக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தி மூக்கை லேசாகத் தூக்க வேண்டும். ஆட்டைப் பார்க்க வேண்டும்.

காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் எங்கள் நேரம். ஒன்பதுக்கு மேல் வெட்டாந்தரை சூடாகிக் காற்று குமுறிக்கொண்டு மேலே ஏற ஆரம்பிக்கும், விமானம் மேடுபள்ள ரோட்டில் போகிற டவுன் பஸ் மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். பருந்துகள் அந்தச் சூட்டுக்காற்றில்தான் இறக்கையை அடிக்காமல் சுற்றும். சில சமயம் நம் விமானத்தையும் இன்னொரு பருந்து என்று நினைத்துப் பின்னால் வரும், அப்போது இறக்கிவிடுவோம். ஆடி மாதம் பறப்பதே இல்லை. அம்மியே பறக்கிற காற்றில் தெர்மாகோல் எம்மாத்திரம்?

டிப்போவிலிருந்து வண்டி எடுக்கும் முன் பிரேக், டயர், லைட் பார்ப்பது போல இதற்கும் உண்டு. ரிமோட்டை முதலில் போட்டுவிட்டுத்தான் விமானத்தில் பேட்டரியைச் செருக வேண்டும், முடித்ததும் விமானத்தை அணைத்துவிட்டுத்தான் ரிமோட்டை அணைக்க வேண்டும். குச்சியை அசைத்தால் சுக்கான் சரியான பக்கம் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் யார் ஓட்டினாலும் விழும். முன்னால் சுற்றுகிற காற்றாடிக்கு முன்னே விரலை நீட்டக் கூடாது. பேரனுக்கு நான் முதலில் சொன்னது அதுதான். லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகவும் கூடாது. என்னுடையது ஒன்று அதிகச் சார்ஜில் பூரி மாதிரி உப்பிவிட்டது, நல்லவேளை தீப்பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அடியில் மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துதான் சார்ஜ் போடுகிறேன். மானாமதுரையில் சட்டிக்கா பஞ்சம்?

சட்டத்தைப் பற்றி உங்கள் வாசகர் கேட்டிருந்ததால் சொல்கிறேன். மத்திய அரசின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்டில் வந்தன. பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் ஓட்டுகிற மாடல் விமானங்களுக்கு அதில் இடம் உண்டு. 2 கிலோ வரை உள்ளதை வணிக நோக்கமில்லாமல் ஓட்டப் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. வண்டிக்கு நம்பர் போல இதற்கும் பதிவு எண் உண்டு. முன் அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர்தான் எல்லை. விமான நிலையத்துக்குப் பக்கம் என்றால் கட்டுப்பாடு அதிகம், அரசின் இணைய வரைபடத்தில் சிவப்பா மஞ்சளா பச்சையா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மொட்டை மாடி வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆகத் தடை என்று ஒன்றை விதிக்க வேண்டியதில்லை. எங்கே கூடாது என்பது ஏற்கனவே எழுதியிருக்கிறது. எப்படிப் பழகுவது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை.

பெரியவர்களுக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு ஒரு சம்பவம். 2003 ஆகஸ்டில், பால்சா என்ற லேசான மரத்தால் செய்த ஒரு மாடல் விமானம் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. எடை 5 கிலோவுக்கும் குறைவு. 38 மணி 52 நிமிடம், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். கிளப்பியதும் இறக்கியதும் தரையில் நின்றவர்களின் கைரிமோட், நடுக்கடலில் மட்டும் தானியங்கிக் கருவி. அதைக் கட்டிய மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கருக்கு அப்போது வயது 77. கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது, காதும் மந்தம். இதை எனக்குச் சொன்னது கண்டக்டர் மகன். அன்றைக்கு என் விமானம் மூன்றாவது முறையாகக் கருவேலத்தில் மாட்டியிருந்தது, கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

இனி நான் கேட்பது. விற்கிறவர்கள் அந்த 'எட்டு வயதுக்கு மேல் யாரும்' என்ற வரிக்குப் பக்கத்தில், முதல் சில மணி நேரம் தெரிந்தவர் ஒருவர் இணைப்பு ரிமோட்டோடு கூட இருக்க வேண்டும் என்று இன்னொரு வரி போட வேண்டும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவன் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்காருகிற மாதிரி. பெற்றோர் மொட்டை மாடியிலிருந்து எறிய விடக் கூடாது. மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு வட்டாரத்திலும், வீடும் மின்கம்பியும் ஆடும் இல்லாத ஒரு வெட்டவெளியை ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்கித் தந்தால் போதும். கட்டடம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். சொல்லித்தர ஆள் இல்லை என்பார்கள். என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் கட்டிப் பறக்கவிட்டுப் பழகியவர்கள் உண்டு. விமானப் பொறியியல் படித்துவிட்டுச் செல்போன் கடை வைத்திருக்கிற பையன்களும் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். என்னைப் போல ஓய்வூதியமும் காலை நேரமும் கையில் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறோம்.

பேரன் இப்போது கோடை விடுமுறையில் வரும்போது எட்டுப் போடுகிறான். அவனுக்கு நான்தான் விசில். எனக்கு மூன்று மாதம் பிடித்தது அவனுக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. ஸ்டீயரிங் பிடிக்காத கை, மறக்க வேண்டியது ஒன்றுமில்லை.

கடிதம் எழுதிய வாசகரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். கண்மாய்க் கரையில், கலுங்குக்குப் பக்கம், ஆறு மணி. இணைப்பு ரிமோட்டை அவர் கையில் கொடுக்கிறேன், ஆட்டுக்கார அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செருப்பு மட்டும் தடித்த அடி உள்ளதாகப் போட்டு வரச் சொல்லுங்கள். கருவேல முள் ஹவாய் செருப்பைத் துளைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
மானாமதுரை வட்டாரம், சிவகங்கை மாவட்டம்.